கையுறைக்காரர் சண்டைக்குப் போகிறார்

— முட்டை ஒண்ணு போதுமாங்க, ரெண்டு போடவா?

— ஆறரை மணிக்குச் சாகப் போறேன்னு சொல்லிட்டிருக்கேன், நீ முட்டைக் கணக்கு கேக்கறே!

— ஆறரைக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்கே. வெறும் வயித்தோட எதுக்குங்க?

— வெறும் வயித்தோடதான் நிக்கணும். நான் படிச்ச நாவல்ல எல்லாம் துப்பாக்கிச் சண்டைக்குப் போற நாயகன் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கறதில்ல.

— அப்ப வேண்டாமா?

— ரெண்டே போடு. கெட்டியா வேகட்டும்.

— சரிங்க.

— இந்தா பாரு, அழக்கூடாது.

— நான் அழலையே.

— அதான் சொல்றேன், அடக்கிட்டிருக்கே. எனக்குத் தெரியாதா? கட்டிக்கிட்ட பதினாறு வருஷத்துல உன் மனசுல ஓடறது அத்தனையும் எனக்கு அத்துப்படி.

— அப்படீங்களா.

— கறுப்புக் கோட்டு போட்டுக்கவா, நீலமா?

— நீலத்துல ஒரு பட்டன் போயிருக்குங்க. குடுங்க, தைச்சுத் தரேன்.

— சாகறவனுக்குப் பட்டன் எதுக்கு? ம்... சரி, தைச்சே குடு. பெரிய வீட்டம்மா கேள்விப்பட்டு ஓடி வந்தாலும் வருவாங்க.

— அவங்க எதுக்குங்க ஓடி வரணும்?

— உனக்கு எங்க புரியப் போகுது. இந்தச் சண்டையே அவங்களாலதானே! கடைசி நேரத்துல மறைச்சு என்ன பிரயோஜனம், சொல்லிடறேன். அந்தம்மாவுக்கு என் மேல ஒரு... ஒரு இது.

— எது?

— ஒரு இது! விலாவாரியாச் சொன்னாத்தான் விளங்குமா? புருஷன் போய் மூணு வருஷம் ஆச்சு. வாரம் தவறாம நம்ம கடையில ஒரு ஜோடி கையுறை வாங்கறாங்க. ஒரு மனுஷிக்கு எத்தனை கை?

— ரெண்டுங்க.

— ரெண்டு! ஆனா அவங்க அலமாரியில இந்நேரம் நூத்தம்பது ஜோடி இருக்கும். அதெல்லாம் கையுறை மேல உள்ள ஆசையா? ஒவ்வொரு தடவையும் கையை நீட்டறாங்க, நான் பிடிச்சுக்கறேன்...

— அளவெடுக்கப் பிடிக்கறீங்க.

— பிடிக்கறேன்ல? வெடுக்குனு இழுத்துக்கிட்டாங்களா? இல்லையே. ஒரு வார்த்தை பேசாம சன்னலையே பார்த்துட்டு நிப்பாங்க. வெக்கம்.

— செவ்வாய்க்கிழமை மட்டும்தாங்க வர்றாங்க.

— ஆமா, அதுக்கென்ன?

— குதிரைப்படைக் கேப்டனும் செவ்வாய்க்கிழமைதான் வர்றார். அந்தச் சன்னல் பக்கமாத்தான் குதிரையைக் கட்டறார்.

— அதேதான்! பார்த்தியா, உனக்கே உறைக்குது! அந்தம்மா வர்ற நாளாப் பார்த்து என்னை வேவு பார்க்க வர்றான்! பொறாமை! போன செவ்வாய்க்கிழமை அது பொங்கி வழிஞ்சிடுச்சு. அவங்க கண்ணு முன்னாடியே கையுறையைக் கழட்டி என் காலடியில வீசிட்டுப் போனான். ராணுவத்தான் கையுறையை வீசினா என்ன அர்த்தம்? தைரியம் இருந்தா ஒத்தைக்கு ஒத்தை வாடான்னு அர்த்தம்.

— கையுறைக் கடையில வீசினாலுமாங்க?

— எங்க வீசினா என்ன?

— இல்ல, நம்ம கடையில தினம் நாலு பேர் போட்டுப் பார்த்துட்டு வீசறாங்களே. போன மாசம் பள்ளிக்கூட வாத்தியார்கூட வீசினார்.

— வாத்தியார் இடுப்புல வாள் இருந்துச்சா? இல்லையே. அப்ப அது வெறும் கோவம். இது சவால்.

— அந்தக் கையுறையில ஏதாவது குறை இருந்துச்சோ என்னமோ.

— குறையா? நானே பார்த்துச் சரி பண்ணினது! உண்மையைச் சொல்லவா? வலது ஆள்காட்டி விரலுக்குள்ள நீ ஒரு பிடி பஞ்சை அடைச்சு, மறந்து அப்படியே விட்டிருந்தே. நல்ல வேளை, அவன் வர்றதுக்கு முன்னாடி நான் பார்த்துப் பிடுங்கி எறிஞ்சேன். இல்லைன்னா கடை மானம் போயிருக்கும்.

— நீங்கதான் எடுத்தீங்களா!

— பின்னே யாரு? உன்னைத் திட்டினேனா? ஒரு வார்த்தை திட்டலை. போற காலத்துல நல்ல புருஷனா போவோம்னு விட்டுட்டேன். என்ன அப்படிப் பார்க்கறே?

— ஒண்ணுமில்லீங்க. முட்டை வெந்திருக்கும்.

— இரு, முக்கியமான விஷயம். கடையை என் தம்பி மகன் பேருக்கு எழுதி வச்சுட்டேன்.

— கடையையா?

— கோவிச்சுக்காதே. நீ பாவம், கடையை வச்சு என்ன பண்ணுவே? தோலைப் பார்த்து வாங்கறது, அளவு போடறது, அறுக்கறது எல்லாம் மூளை வேலை. நீ மூலையில உட்கார்ந்து தைக்கறது சும்மா கைவேலைதானே. அதுவும் நான் கத்துக் குடுத்தது.

— ஆமாங்க. சும்மா கைவேலை.

— உன்னைத் தெருவுல விட்டுடுவேனா? மாடி அறை உனக்குத்தான். வருஷத்துக்கு ஒரு மூட்டை கரியும் எழுதியிருக்கேன்.

— ஒரு மூட்டையா?

— குளிர் அதிகமா இருந்தா ரெண்டுன்னு தனியா ஒரு வரி சேர்த்திருக்கேன். என்னை என்னன்னு நினைச்சே!

— இந்தாங்க, பட்டன் தைச்சாச்சு.

— அதுக்குள்ளயா?

— சும்மா கைவேலைதானே.

— ம். கேப்டனுக்குப் போன கடிதத்தை நான் சொன்னபடியே எழுதினேல்ல? என் கை நடுங்குதுன்னுதான் உன்னை எழுதச் சொன்னேன். குளிர்ல நடுங்கினது, வேற ஒண்ணுமில்ல.

— எழுதினேங்க.

— சவால் விட்டவன் அவன். அதனால ஆயுதம் எதுன்னு சொல்ற உரிமை எனக்கு. அதை எழுதினியா?

— அதைத்தாங்க கொட்டை எழுத்துல எழுதினேன்.

— துப்பாக்கி. இடம், நம்ம பின்முற்றம். வீட்டுலயே செத்தா உனக்கும் அலைச்சல் மிச்சம்.

— மேல போய்க் கோட்டை மாத்திட்டு வாங்க. தலையையும் கொஞ்சம் வாரிக்கோங்க. பின்பக்கம் குத்திட்டு நிக்குது.

— நாயகனுக்குத் தலை அப்படித்தான் இருக்கணும். உனக்கு எங்க புரியப் போகுது.

...

— கேப்டன்! என்ன, பின்வாசல் வழியா வர்றீங்க? மணி ஆறேகால்தானே ஆகுது.

— முதல் விஷயம், மன்னிக்கணும் அம்மணி. ரெண்டாவது விஷயம், கதவைச் சாத்துங்க. மூணாவது விஷயம்... மூணாவது மறந்து போச்சு. நான் தூங்கி ரெண்டு நாளாச்சு.

— உட்காருங்க. மெதுவாப் பேசுங்க, அவர் மேலதான் இருக்கார்.

— நான் சவாலே விடலையே அம்மணி! கையுறையைப் போட்டேன். ஆள்காட்டி விரல் செத்த புழு மாதிரி தொங்குது. பக்கத்துல பெரிய வீட்டம்மா நிக்கறாங்க. நான் என்னதான் பண்ணுவேன்? கழட்டி எறிஞ்சுட்டுக் குதிரையில ஏறிட்டேன்.

— தெரியும். உள்ளே இருந்த பஞ்சைத் தப்புன்னு நினைச்சு என் வீட்டுக்காரர் எடுத்துட்டார்.

— எட்டு வருஷமா அந்தப் பஞ்சுதான் என் விரல்! எனக்கு விரல் இல்லைங்கறது படையில ஒருத்தருக்கும் தெரியாது. துப்பாக்கி விசையை இழுக்க முடியாதவனை வச்சு என்ன பண்றதுன்னு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சண்டையில போயிருந்தாலும் பெருமையாச் சொல்லிக்கலாம். என் அத்தை வண்டிக் கதவைச் சாத்தினதுல போச்சு.

— நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. என் வீட்டுக்காரர்கிட்டகூட.

— அது எனக்குத் தெரியும். ஆனா அவர் கடிதம் எங்க படை விடுதிச் சாப்பாட்டு மேஜையில வந்து விழுந்துச்சு. கர்னல் பிடுங்கி உரக்கப் படிச்சுட்டார். இனிமே மாட்டேன்னு சொன்னா கோழைன்னு ஆயிடும். சரி, துப்பாக்கின்னு வரும், தொலைஞ்சோம்னு கண்ணை மூடிட்டேன். அப்புறம் பார்த்தா ஆயுதம்னு ஒரு வரி...

— நல்ல வரியா இருந்துச்சா?

— அம்மணி, கடிதம் உங்க கையெழுத்து. என் ரசீதுல பார்த்திருக்கேன்.

— கையெழுத்து யாரோடதா இருந்தா என்ன. உங்களுக்கு அது சௌகரியம்தானே?

— எங்க சௌகரியம்? அதுக்கும் கையுறையைக் கழட்டணுமே! உங்க வீட்டுக்காரர் விரலைப் பார்த்துடுவாரே!

— பார்க்கட்டும். சாட்சி வேண்டாம்னு கடிதத்துலயே இருக்கு. அவர் ஒருத்தர்தானே பார்க்கப் போறார்.

— அவர் ஒருத்தர் வாய் போதுமே, ஊரைச் சுத்தி வர!

— ஏழு மணிக்குள்ள அவருக்கும் உங்ககிட்ட மறைச்சு வைக்கச் சொல்ல ஒண்ணு இருக்கும். ரெண்டும் சரியாப் போயிடும். ஐயோ, படியில சத்தம் கேக்குது. சுத்திப் போய் முன்வாசல்ல வந்து மணி அடிங்க. முகத்தைக் கொஞ்சம் முறைப்பா வச்சுக்கோங்க, இல்லைன்னா அவர் மனசு சங்கடப்படும்.

...

— வாங்க கேப்டன். பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க. சாகறதுக்கு என்னைவிட உங்களுக்குத்தான் அவசரம் போல.

— வணக்கம் முதலாளி.

— இந்தா பாரு, நீ உள்ளே போ. பொம்பளைங்க பார்க்கற காட்சி இல்லை இது.

— சரிங்க. மேஜையைத் துடைச்சுப் போட்டுட்டுப் போறேன்.

— மேஜை எதுக்கு?

— முதல் விஷயம், மேஜை வேணும் முதலாளி. ரெண்டாவது விஷயம், அது சன்னலோரமா இருக்கணும், வெளிச்சம் பத்தாது. மூணாவது விஷயம், ஆயுதத்தை நானே கொண்டு வந்துட்டேன். கர்னல் வீட்டம்மாவோடது.

— கர்னல் வீட்டம்மா துப்பாக்கி வச்சிருக்காங்களா!

— துப்பாக்கியா? ஊசிங்க. ஆறு ஊசி, ஒரு நூல்கண்டு.

— எதுக்கு?

— உங்க கடிதத்தைப் படிக்கறேன், கேளுங்க. ‘உங்கள் சவாலை ஏற்றுக்கொள்கிறேன். ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு இருப்பதால் ஊசியைத் தேர்ந்தெடுக்கிறேன். வியாழக்கிழமை காலை ஆறரை மணி, என் கடை. ஆளுக்கு ஒரு கையுறை. முதலில் தைத்து முடிப்பவரே வென்றவர். சாட்சி வேண்டாம்.’ கீழே உங்க பேர்.

— அடியே!

— என்னங்க?

— நான் துப்பாக்கின்னுல்ல சொன்னேன்!

— சொன்னீங்க. எழுதும்போதுதான் எனக்குத் தோணிச்சு. துப்பாக்கியில கேப்டன் கெட்டிக்காரர். ஊசியில இந்த ஊர்லயே நீங்கதான் கெட்டிக்காரர். கடைப் பலகையிலயே போட்டிருக்கே, ‘கைத்தையல் நிபுணர்’னு. ஜெயிக்கற ஆயுதத்தை விட்டுட்டுத் தோக்கற ஆயுதத்தை எடுப்பாங்களா யாராவது?

— அது... அது வந்து... அது நியாயம் இல்லை! கேப்டனுக்கு அநியாயம் பண்றதா ஆகும்!

— எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை முதலாளி.

— உங்களுக்கு இல்லைன்னாலும் எனக்கு இருக்கு! தொழில் தெரிஞ்சவன் தெரியாதவன்கூட மோதறது ஒரு வீரமா? துப்பாக்கியே இருக்கட்டும். இல்லை, வாள். நீங்க வாள் எடுத்துக்கோங்க, நான் கத்தரிக்கோல் எடுத்துக்கறேன்.

— கர்னல் முன்னாடி ஊசின்னு படிச்சாச்சு. மாத்தினா ரெண்டு பேரும் பயந்துட்டோம்னு சொல்லுவாங்க.

— கேப்டன், தனியா ஒரு வார்த்தை. கெஞ்சிக் கேக்கறேன். என்னைச் சுட்டுடுங்களேன்.

— முடியாது முதலாளி.

— லேசா? தோள்ல மட்டும்?

— சத்தியமா என்னால முடியாதுங்க. உட்காருங்க. நான் கையுறையைக் கழட்டிக்கறேன்.

— கேப்டன்! உங்க விரல் எங்கே?

— என் அத்தையோட வண்டிக் கதவுல.

— அப்ப... அந்தப் பஞ்சு...

— மறந்து வச்சது இல்லீங்க. எட்டு வருஷமா ஒவ்வொரு ஜோடிக்கும் அளந்து வைக்கறேன்.

— எட்டு வருஷமா! என் கடையில! எனக்குத் தெரியாம! அளவெடுக்கும்போது நான் எப்படிப் பார்க்காம போனேன்?

— இவருக்கு எப்பவும் அளவெடுக்கறது நான்தாங்க. அந்த நேரம் நீங்க பெரிய வீட்டம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க.

— என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

— வர்றவங்க கையில இருக்கற குறை நம்ம வாயில வரக்கூடாதுங்க. அப்புறம் யாரு நம்மளை நம்பிக் கையை நீட்டுவாங்க? சரி, மணி ஆறரை ஆயிடுச்சு. தோல் அறுத்து வச்சிருக்கேன். ஆளுக்கு ஒண்ணு. ஆரம்பிக்கலாம்.

— இரு, இரு! நூல் கோக்கணும்ல... இந்த ஊசிக்குக் காது இருக்கா இல்லையா?

— இருக்குங்க. நீங்க தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க.

— வேணும்னுதான் பிடிச்சேன். கூர் பார்த்தேன்.

— முதலாளி, நான் கட்டைவிரல் முடிச்சுட்டேன்.

— எங்கய்யா கத்துக்கிட்டே இதை?

— படையில சட்டை, சேணம் எல்லாம் நாங்களேதான் தைச்சுக்கணும்.

— என்னங்க, அது விரல் பக்கம் இல்ல, மணிக்கட்டுப் பக்கம். கை நுழையற வழியை மூடித் தைச்சுட்டு வர்றீங்க.

— இது புது மாதிரி! உனக்கு எங்க... ஆ! ஐயோ!

— குத்திடுச்சா?

— ரத்தம்! பாருங்க, ரத்தம்! முதல் ரத்தம் வந்தா சண்டையை நிறுத்தணும்னு விதி இருக்கு!

— இருக்கு முதலாளி. ஆனா அந்தக் காயம் நான் பண்ணினதா இருக்கணும்.

— என்னங்க? ஊசியைக் கீழே வச்சுட்டீங்க?

— போதும். கேப்டன், தோத்துட்டேன். எனக்குத் தைக்க வராது. பட்டன்கூடத் தைக்க வராது. இதை நீங்க தயவுசெஞ்சு வெளியே...

— முதல் விஷயம், சொல்ல மாட்டேன். ரெண்டாவது விஷயம், என் விரலைப் பத்தி நீங்களும்.

— எந்த விரல்? உங்களுக்குத்தான் பத்தும் இருக்கே.

— மூணாவது விஷயம், கர்னலுக்கு நான் என்ன பதில் சொல்ல?

— சமம்னு சொல்லுங்க கேப்டன். ரெண்டு பக்கமும் கௌரவம் நிலைச்சதுன்னு சொல்லுங்க. இந்தாங்க உங்க புது ஜோடி. இந்தத் தடவை விரலுக்குள்ள நல்ல மென்மையான பஞ்சு, நடுவுல ஒரு மெல்லிய தகடு. மடக்கினா மடங்கும்.

— அம்மணி! அப்ப இனிமே பெரிய வீட்டம்மாவுக்கும் சந்தேகம் வராது.

— அவங்ககிட்ட மறைக்காதீங்க. அவங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும்னு நினைக்கறேன். மூணு வருஷமா ஒவ்வொரு செவ்வாயும் நீங்க குதிரையைக் கட்டறதைச் சன்னல் வழியா வச்ச கண் வாங்காம பார்க்கறாங்க. எந்த விரல் கயித்துல படறதில்லைன்னு தெரியாமலா இருக்கும்?

— சன்னல் வழியாவா? என்னையா?

— சன்னல் வழியாவா? இவரையா? நான் அதை வெக்கம்னுல்ல நினைச்சேன்!

— வெக்கம்தாங்க. உங்களைப் பார்த்து இல்லை.

— முதலாளி, நான் கிளம்பறேன். கோவம் இல்லையே? குதிரையைக் கொஞ்சம் வேகமா விடணும். பெரிய வீடு இந்நேரம் விழிச்சிருக்கும்ல?

— போங்க, போங்க. என்னைக் கேக்காதீங்க. எனக்கு அந்த வீட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு இப்பதான் தெரிஞ்சுது.

...

— போயிட்டானா?

— போயிட்டார். விரலைக் காட்டுங்க, துணி சுத்தி விடறேன்.

— நீ வேணும்னே பண்ணினே.

— ஆமாங்க.

— துப்பாக்கின்னு எழுதியிருந்தா நான் வீரனா நின்னிருப்பேன்.

— நின்னிருப்பீங்க. அவரால சுட முடியாது, உங்களுக்குச் சுடத் தெரியாது. அவர் மானம் போயிருக்கும், நம்ம பூனை செத்திருக்கும்.

— எங்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாம்ல, ‘உங்களுக்குத் தைக்க வராது, பேசாம இருங்க’ன்னு?

— சொல்லியிருப்பேன். கடையைத் தம்பி மகனுக்குன்னு கடிதம் எழுதச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க தம்பிகிட்ட பேசினதைக் கேக்காம இருந்திருந்தா. எனக்குக் கோவம் வராதாங்க? இந்த மேஜையை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? ஒரு மூட்டை கரி!

— ரெண்டுன்னும் எழுதியிருக்கேன்... சரி சரி, முறைக்காதே. அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடு. வேற எழுது.

— நீங்க சொல்லுங்க, எழுதறேன்.

— நான் என்ன சொன்னாலும் நீ எழுதறதைத்தானே எழுதுவே. கடை உனக்குன்னு எழுது. சாகும்போது இல்லை, இன்னிக்குத் தேதியில இருந்தே. பலகையில என் பேருக்குப் பக்கத்துல உன் பேர்.

— பக்கத்துலயா?

— சரி, மேல.

— மெய்யாவா சொல்றீங்க? தோல் அறுக்கறது மூளை வேலைன்னீங்களே?

— காலையில அறுக்கும்போது சத்தியமா நான் நல்லா அறுக்கறேன்னுதான் எனக்குத் தோணுது. பொய் இல்லை. கை வீச்சா ஓடுது, தோல் நழுவாம வருது, இந்த ஊர்ல என்னை மாதிரி எவன்டா இருக்கான்னு தோணுது. மத்தியானம் ஆனாத்தான் அதெல்லாம் இல்லைன்னு தெரியும்.

— மத்தியானம் உங்களுக்கு எப்படித் தெரியும்? சாப்பிட்டதும் மாடிக்குப் போய்த் தூங்கிடுவீங்களே. அப்புறம்தானே நீங்க அறுத்ததை எல்லாம் நான் எடுத்துத் திரும்ப அறுப்பேன்.

— பதினாறு வருஷமா ஒரு மத்தியானம்கூட நான் தூங்கினதில்லை. கீழ உன் கத்தரி ஓடற சத்தம் நிக்கற வரைக்கும் கண்ணை மூடிட்டுக் கிடப்பேன். பாதியில எறங்கி வந்துட்டா, பாவம், நீ எல்லாத்தையும் ஒளிச்சு வைக்கணுமேன்னு.